தோட்டம் யார் பெயரில் இருக்கிறது? நியூயார்க் லோயர் ஈஸ்ட் சைட்: ஒரு நிகழ்வு ஆய்வு

மாறிக்கொண்டிருக்கும் நகரப் பகுதியில் பசுமையைக் காப்பாற்றுவது பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் மரம் நடுவதில் தொடங்குவார்கள். நான் பத்திரத்தில் தொடங்குகிறேன். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் உள்ள லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில் 1973-லிருந்து நடந்ததைப் பார்த்தால், அக்கம்பக்கத்தார் காலி மனைகளில் போட்ட தோட்டங்களில் எது பிழைத்தது, எது இடிபட்டது என்பதற்கும், அது எவ்வளவு அழகாக இருந்தது, எத்தனை பேர் அதில் உழைத்தார்கள் என்பதற்கும் பெரிய சம்பந்தமே இல்லை. மாநகராட்சிப் பதிவேட்டில் அந்த மனைக்கு எதிரே என்ன எழுதியிருந்தது, அதை மாற்றி எழுத யாருக்கு அதிகாரம் இருந்தது என்பதுதான் கடைசியில் முடிவு செய்தது. போராட்டம் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. போராட்டம் எதை மாற்றியது, எதை மாற்றவில்லை என்று பிரித்துப் பார்க்க இந்தப் பகுதி ரொம்ப வசதியான இடம், ஏனென்றால் இங்கே எல்லா வகை முடிவும் நடந்திருக்கிறது.

செங்கல் மேட்டில் ஒரு தோட்டம்

இன்றைய மன்ஹாட்டனை மனதில் வைத்துக்கொண்டு 1970-களைக் கற்பனை செய்ய முடியாது. 1975-ல் நகர நிர்வாகம் திவாலின் விளிம்புவரை போய்த் திரும்பியது. அந்தப் பத்தாண்டில் மட்டும் நகரத்தின் மக்கள்தொகை 8 லட்சத்துக்கும் மேல் குறைந்தது. லோயர் ஈஸ்ட் சைடில் வருகிற வாடகை வரி கட்டக்கூடக் காணாது என்று வீட்டுக்காரர்கள் கட்டடங்களை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள், காப்பீட்டுப் பணத்துக்காகக் கொளுத்தியவர்களும் உண்டு. வரி பாக்கிக்காக அந்த மனைகள் மாநகராட்சி கைக்கு வந்தன. மிச்சமிருந்த சுவர்களை இடித்துத் தள்ளி, சுற்றிக் கம்பிவேலி போட்டு, அத்தோடு அவற்றை மறந்தும் போனார்கள். மெத்தை, டயர், போதை ஊசி எல்லாம் அங்கேதான் வந்து விழுந்தன. வேறு எங்கும் போக முடியாத குடும்பங்கள், அதிலும் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து குடியேறியவர்கள், அந்தக் குப்பைமேடுகளை ஒட்டியே வாழ்ந்தார்கள்.

1973-ல் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் அவருடைய நண்பர்களும் பவுரி தெருவும் ஹூஸ்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் இருந்த அப்படியொரு மனையைச் சுத்தம் செய்ய இறங்கினார்கள். தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் கிரீன் கெரில்லாஸ். வேலிக்கு வெளியே நின்றபடி உள்ளே எறிவதற்கு விதைகுண்டும் செய்தார்கள்: பலூன் அல்லது ஆணுறைக்குள் விதை, உரம், கொஞ்சம் தண்ணீர். மனையில் மண் என்று எதுவும் இல்லை, உடைந்த செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். அதனால் வெளியிலிருந்து மண் கொண்டுவந்து, பலகை அடித்து, தரைக்கு மேலே பாத்தி கட்டினார்கள். இப்படிப்பட்ட மனைகளில் இன்றும் அதுதான் முறை. பழைய கட்டடங்களின் பெயின்டில் இருந்த ஈயம் இடிபாட்டோடு தரையில் கலந்திருக்கும், கீரையோ கிழங்கோ நேரே அதில் போட்டால் ஈயம் தட்டுக்கு வந்துவிடும்.

மாநகராட்சி முதலில் அத்துமீறல் என்றது, பத்திரிகைகளில் செய்தி வந்ததும் சுருதி மாறியது. 1974-ல் மாதம் 1 டாலர் வாடகைக்கு அந்த மனையைக் கொடுத்தார்கள். நகரத்தின் முதல் சமூகத் தோட்டம் என்று இன்று சொல்லப்படுவது இதுதான். லிஸ் கிறிஸ்டி 1985-ல் காலமானார், தோட்டம் இப்போது அவர் பெயரில் இருக்கிறது.

அந்த 1 டாலரைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். 1978-ல் மாநகராட்சி கிரீன்தம்ப் என்ற திட்டத்தைத் தொடங்கி, நகரம் முழுக்க இதேபோல மனைகளைப் பெயரளவு வாடகைக்குக் கொடுத்தது. பார்த்தால் தாராள மனசு மாதிரிதான் இருக்கும். நிலத்தை எடுக்க யாரும் வராத காலத்தில், குப்பை அள்ளும் செலவும் போலீஸ் செலவும் மிச்சமாகி, அக்கம்பக்கத்தார் சம்பளம் இல்லாமல் காவல் காத்தால் எந்த நிர்வாகத்துக்குத்தான் கசக்கும்? ஒப்பந்தங்களின் சாரம் ஒன்றே ஒன்று: இது தற்காலிகம், கேட்டால் காலி செய்ய வேண்டும். யாரும் ஏமாற்றவில்லை, எழுத்திலேயே இருந்தது. எதிரே இருக்கிற கட்டடத்துக்கே வாங்க ஆள் இல்லாதபோது, வெறும் மனையை எவன் கேட்கப்போகிறான் என்று எல்லோருமே நினைத்திருப்பார்கள்.

கேட்டார்கள். 1975 வாக்கில் எல்ட்ரிட்ஜ் தெருவுக்குப் பக்கத்தில் ஆடம் பர்ப்பிள் என்பவர் தன் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த இடிபாட்டில் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு தோட்டம் போட்டார். நடுவில் யின்-யாங் வடிவம், சுற்றிச்சுற்றிப் பாத்திகள். சென்ட்ரல் பார்க்கில் வண்டி இழுக்கும் குதிரைகளின் சாணத்தை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து அந்த மண்ணை உண்டாக்கினார். பக்கத்துக் கட்டடம் இடிபட இடிபட அடுத்த வட்டம் சேர்ந்தது. 1986 ஜனவரியில் குறைந்த வருமானக்காரர்களுக்கு வீடு கட்ட மாநகராட்சி அதை இடித்தது. புகைப்படங்கள் உலகம் சுற்றின, தோட்டத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஏலம்

1990-களில் காற்று திசை மாறியது. குற்றம் குறைந்தது, வாடகை ஏறியது, எழுத்தாளர்களும் இசைக்காரர்களும் வந்து குடியேறிய தெருக்களுக்குப் பின்னாலேயே வங்கிக்காரர்களும் வந்தார்கள். மேயர் ரூடி ஜூலியானியின் நிர்வாகம் மாநகராட்சி வசமிருந்த காலி மனைகளை விற்றுத் தீர்க்க முடிவெடுத்தது. 1998-ல் கிரீன்தம்ப் தோட்டங்கள் நூற்றுக்கணக்கில் பூங்காத் துறையிடமிருந்து வீட்டுவசதித் துறைக்கு மாற்றப்பட்டன. ஒரு செடியைக்கூட யாரும் தொடவில்லை, கோப்பு மட்டும் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போனது. பூங்காத் துறை அந்த மனையைத் தோட்டமாகப் பார்க்கும், வீட்டுவசதித் துறைக்கு அது இன்னும் கட்டப்படாத வீடு. என் கணக்கில் இந்தக் கதையின் திருப்புமுனை இதுதான், பின்னால் வந்த புல்டோசர் கிடையாது.

அதே ஆண்டு ஜூலையில் காவல்துறைத் தலைமையகத்தில் நடந்த நில ஏலத்தில் போராட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் சிள்வண்டுகளைத் திறந்துவிட்டார்கள். ஏலம் கேட்க வந்தவர்கள் நாற்காலி மேல் ஏறிக் கத்த, கொஞ்ச நேரம் எல்லாம் நின்றது, அப்புறம் நடந்து முடிந்தது. அன்று விற்றதில் ஒன்று கிழக்கு 9-ஆம் தெருவில் இருந்த பழைய பள்ளிக் கட்டடம், சாராஸ் என்ற புவர்ட்டோ ரிக்கோ அமைப்பு கலாசார மையமாக நடத்திக்கொண்டிருந்தது. விலை 30 லட்சம் டாலருக்குச் சற்று மேல். வாங்கியவரால் அதை எதுவாகவும் ஆக்க முடியாமல், மையம் காலி செய்யப்பட்ட பிறகு கட்டடம் இருபது ஆண்டுக்கும் மேல் பூட்டியே கிடந்தது. விற்றால் உடனே வளர்ச்சி வந்துவிடும் என்று சொல்கிறவர்களுக்கு இதைக் காட்டலாம்.

1999-ல் நூற்றுப் பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்களை மே மாதம் ஏலம் விடப்போவதாக அறிவிப்பு வந்தது. இது சந்தைப் பொருளாதாரம், கம்யூனிசக் காலம் முடிந்துவிட்டது என்கிற ரீதியில் ஜூலியானி பேசினார். தோட்டக்காரர்கள் பக்கத்திலும் நாடகத்துக்குக் குறைவில்லை: ஒருவர் சூரியகாந்தி வேடம் போட்டுக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்தின் எதிரில் இருந்த மரத்தில் ஏறி உட்கார்ந்தார். நீதிமன்றங்களில் வழக்குகள் ஓடின. ஏலத்துக்கு முந்தின நாள் ஒப்பந்தம் முடிந்தது. டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட் என்ற அமைப்பும், நடிகை பெட் மிட்லர் நிறுவிய நியூயார்க் ரெஸ்டரேஷன் புராஜெக்ட்டும் சேர்ந்து 42 லட்சம் டாலருக்கு ஏலப் பட்டியலில் இருந்த எல்லாத் தோட்டங்களையும் வாங்கிவிட்டன.

அதாவது மக்கள் குப்பை அள்ளி, மண் சுமந்து, இருபது வருடம் பார்த்துக்கொண்ட நிலத்தை, அந்த மக்களுக்காகவே, பொதுமக்களின் நிர்வாகத்திடமிருந்து நன்கொடைப் பணம் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அதிலுள்ள அநியாயத்தை அன்றே பலர் சொன்னார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் அந்தப் பட்டியலில் இருந்த தோட்டங்கள்தான் இந்த முழுக் கதையிலும் ஏறக்குறைய பயமில்லாமல் தூங்கியவை. டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட் தன் பங்கை அப்படியே வைத்துக்கொள்ளாமல் பிராங்க்ஸ், மன்ஹாட்டன், புரூக்ளின்-குயின்ஸ் என்று மூன்று நில அறக்கட்டளைகளை உருவாக்கி, படிப்படியாக அவற்றின் பெயருக்கு மாற்றியது. அந்த அறக்கட்டளைகளை நடத்துவதில் தோட்டக்காரர்களுக்கே இடம் உண்டு. சொந்தம் என்று வந்துவிட்டால் சொந்தக்காரரின் தலைவலியும் கூடவே வரும்: காப்பீட்டுத் தவணை, உடைந்த நடைபாதையைச் சரிசெய்வது, பனி விழுந்தால் அள்ளுவது. கூட்டத்தில் பாதி நேரம் இதற்கே போய்விடும், தக்காளி பற்றிப் பேச நேரம் இருக்காது.

எஸ்பெரான்சா

வாங்கப்படாத தோட்டங்களின் கதைக்கு உதாரணம் கிழக்கு 7-ஆம் தெருவில் இருந்த எஸ்பெரான்சா. 1970-களின் கடைசியில் ஒரு புவர்ட்டோ ரிக்கோக் குடும்பம் தொடங்கியது. மனை ஒரு கட்டுமான நிறுவனத்துக்குப் போகிறது என்று தெரிந்ததும் 1999-2000 குளிர்காலத்தில் போராட்டக்காரர்கள் உள்ளேயே தங்கினார்கள். தெருவைக் கண்காணிக்க, புவர்ட்டோ ரிக்கோவின் சின்னமான கோக்கித் தவளை வடிவத்தில் ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய பரண் ஒன்றைக் கட்டி, ராத்திரி முறைவைத்து அதற்குள் படுத்தார்கள். இன்னொரு பக்கம் மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர், சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல் இந்தத் தோட்டங்களை விற்கக்கூடாது என்று வழக்குப் போட்டிருந்தார். 2000 பிப்ரவரி 15 காலையில் போலீஸ் வந்தது, தங்களைக் கட்டிக்கொண்டிருந்தவர்களின் சங்கிலிகளை அறுத்து அவர்களைக் கைது செய்தார்கள், புல்டோசர் உள்ளே போனது. நீதிபதி தோட்டங்களை இடிக்கத் தடை விதித்தது அதே நாள். உத்தரவு வந்தபோது எஸ்பெரான்சா தரைமட்டம்.

அங்கே எழும்பிய கட்டடத்தில் ஐந்தில் நான்கு பங்கு சந்தை வாடகை வீடுகள், ஒரு பங்கு மட்டும் குறைந்த வாடகைக்கு. பெயர் ஈஸ்ட்வில் கார்டன்ஸ். இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் எஸ்பெரான்சாவைக் காப்பாற்றாத அந்தத் தடை, மற்றவற்றுக்கு இரண்டு வருடம் மூச்சுவிட நேரம் கொடுத்தது. அதற்குள் மேயர் மாறினார். 2002-ல் மைக்கேல் புளூம்பெர்க் நிர்வாகமும் ஸ்பிட்சரும் சமரசத்துக்கு வந்தார்கள்: சுமார் 400 தோட்டங்கள் தோட்டங்களாகவே தொடரும், சுமார் 150 வீடு கட்டப் போகும், அவற்றிலும் பலவற்றுக்கு மாற்று இடம் காட்டும் நடைமுறை உண்டு. வீடா தோட்டமா என்று எதிரெதிராக நிறுத்தியதுதான் முதல் தவறு என்று நினைக்கிறேன். மாநகராட்சி கையில் அப்போது செடி எதுவும் இல்லாத வெற்று மனைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன, தோட்டக்காரர்கள் முதலிலிருந்தே அதைத்தான் சுட்டிக்காட்டினார்கள்.

காகிதத்தின் தரம்

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒரு சமூகத் தோட்டம் நான்கு விதமான காகிதங்களில் ஏதோ ஒன்றின் மேல் நிற்கிறது. ஒன்றுமே இல்லாமல் புகுந்து பயிரிடுவது ஒன்று. அடுத்தது லைசென்ஸ், அதாவது நிலத்தைப் பயன்படுத்த மட்டும் மாநகராட்சி தரும் அனுமதி, இன்று கிரீன்தம்ப்பின் கீழ் இருக்கும் 550-க்கும் மேற்பட்ட தோட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான். மூன்றாவது, அறக்கட்டளையின் பெயரில் சொந்தம். நான்காவது, முறைப்படி பூங்கா நிலம் என்று அர்ப்பணிக்கப்பட்டது. இந்த நான்காவதுக்குத்தான் பலம் அதிகம். நியூயார்க் மாநிலத்தில் பூங்கா நிலம் என்று ஆகிவிட்டால், அதை வேறு காரியத்துக்கு எடுக்க மாநிலச் சட்டமன்றமே அனுமதிக்க வேண்டும், மேயரின் கையெழுத்து மட்டும் போதாது.

இங்கே பலர் சறுக்குவது, பூங்காத் துறை பார்த்துக்கொள்கிறது என்றாலே பூங்கா நிலம் என்று எடுத்துக்கொள்வது. 2015-ல் மாநிலத்தின் உச்சநிலை நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. லோயர் ஈஸ்ட் சைடுக்குப் பக்கத்தில், கிரீனிச் வில்லேஜில், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத்துக்கு எதிரான வழக்கு. லகார்டியா கார்னர் கார்டன்ஸ் உட்பட நான்கு இடங்களை மக்கள் பல பத்தாண்டுகளாகப் பூங்காவாகவே பயன்படுத்தினார்கள், பூங்காத் துறையும் பராமரித்தது, அதனால் அவை பூங்கா நிலம் ஆகிவிட்டன என்பது வாதம். நீதிமன்றம் ஒப்பவில்லை. நிரந்தரமாக அர்ப்பணிக்கும் எண்ணம் மாநகராட்சிக்கு ஐயமின்றி இருந்ததாகத் தெரியவில்லை, ஒப்பந்தங்களே தற்காலிகம் என்று சொல்கின்றன என்றது. 1974-ன் அந்த 1 டாலர் மனப்பான்மை நாற்பது வருடம் கழித்துத் தீர்ப்பில் எழுந்து நின்றது.

தோட்டம் நின்றது, மனிதர்கள்?

இனி எனக்குச் சங்கடமான பகுதி. நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்கி பீனும் யோவான் வோயிக்குவும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு, சமூகத் தோட்டங்களைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் இருக்கும் வீடுகளின் விலையைப் பார்த்தது. தோட்டம் திறந்த பிறகு விலை ஏறுகிறது, ஏழ்மையான பகுதிகளில்தான் அதிகம் ஏறுகிறது, ஐந்து வருடத்தில் 9.4 சதவீதப் புள்ளிகள் வரை. வரி வருமானம் கூடும் என்பதால் மாநகராட்சியிடம் வாதாட இது அருமையான ஆயுதம். அதே எண்ணை வாடகைக்குக் குடியிருப்பவர் படித்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். குப்பைமேட்டைத் தோட்டமாக்கியவர், தன் வாடகை ஏறுவதற்கும் ஒரு கை கொடுத்திருக்கிறார். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வரும் வீட்டில் இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள், மற்றவர்கள் நகர்ந்தார்கள்.

இது தோட்டத்துக்குள்ளேயும் தெரியும். பழைய புவர்ட்டோ ரிக்கோத் தோட்டங்களில் காசிட்டா என்று ஒரு சின்ன மரவீடு இருக்கும், திண்ணை வைத்து, பளிச்சென்று வண்ணம் அடித்து. டோமினோ ஆட, டிரம் அடிக்க, சமைத்துச் சாப்பிட, கோடை மாலையில் சும்மா உட்கார்ந்திருக்க. காய்கறி அதில் ஒரு பகுதி மட்டுமே. புதிதாக வந்தவர்களுக்குத் தோட்டம் என்றால் உரக்குழி, நாட்டுச் செடிகள், தேனீ, அமைதி. இரண்டு பக்கமும் நல்லெண்ணம்தான், ஆனாலும் கூட்டம் எந்த மொழியில் நடக்கிறது, தண்ணீர்க் குழாய்ச் சாவி யாரிடம் இருக்கிறது (தெருவோரத் தீயணைப்புக் குழாயிலிருந்து அனுமதி வாங்கித்தான் பல தோட்டங்கள் தண்ணீர் எடுக்கின்றன), மின்னஞ்சல் பார்க்காத கிழவிக்குத் தகவல் போனதா என்ற சில்லறை விஷயங்களில்தான் ஒரு தோட்டம் கை மாறும். புல்டோசர் வேண்டாம், மூன்று வருடாந்திரத் தேர்தல் போதும். கிரீன்தம்ப் விதிப்படி ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரத்துக்கு 20 மணி நேரமாவது கதவு திறந்திருக்க வேண்டும். நல்ல விதி, வேலிக்குள் தனிக் கிளப் ஆகிவிடாமல் தடுக்கிறது. ஆனால் யார் வேலை நேரம் போக வந்து கதவைத் திறந்து உட்கார முடியும் என்பதும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுதாமல் வெற்றிக் கதை மட்டும் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

எலிசபெத் தெரு

அண்மைய வழக்கு லோயர் ஈஸ்ட் சைடின் மேற்கு ஓரத்தில், எலிசபெத் தெருத் தோட்டம். மாநகராட்சி மனை, 1990-களின் தொடக்கத்திலிருந்து மாதாமாதம் நீளும் குத்தகையில் ஒரு பழம்பொருள் வணிகரிடம் இருந்தது, அவர் வைத்த சிலைகள் நடுவே செடிகள். 2012-லிருந்து மாநகராட்சி அங்கே முதியோருக்குக் குறைந்த வாடகை வீடுகள் கட்ட முயன்றது, திட்டத்தில் 123 வீடுகள். தகராறு பத்து வருடத்துக்கு மேல் பல வடிவங்களில் இழுத்தது, 2024-ல் மாநில உச்சநிலை நீதிமன்றத்தில் மாநகராட்சியே வென்றது. பிறகு 2025 ஜூனில் அப்போதைய மேயர் எரிக் ஆடம்ஸின் நிர்வாகம், வேறு மூன்று இடங்களில் 600-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்ட வழிவிடும் ஏற்பாட்டின் பேரில் திட்டத்தைக் கைவிட்டது. அவருக்கு அடுத்து மேயரான ஸோரான் மம்தானி வீடு கட்டுவதையே ஆதரித்தவர். மம்தானி தேர்தலில் வென்ற அதே நவம்பரில், பதவி முடியும் தறுவாயில், ஆடம்ஸ் நிர்வாகம் அந்த மனையைப் பூங்கா நிலமாக அர்ப்பணிப்பதாக எழுதிக் கொடுத்தது. நீதிமன்றத்தில் தோற்ற தோட்டம் ஒரு கடிதத்தால் அடுத்த மேயரின் கைக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்தப்பட்டது.

இதில் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், எஸ்பெரான்சாவில் போல எளிதாகச் சொல்ல முடியவில்லை. அங்கே வந்தது பெரும்பாலும் பணக்கார வீடுகள். இங்கே வர இருந்தது வாடகை கட்ட முடியாத முதியவர்களுக்கான வீடு, சுற்றியிருப்பதோ இப்போது நகரத்தின் விலையுயர்ந்த தெருக்களில் சில. பிரபலங்கள் ஆதரவுக் கடிதம் எழுதும் தோட்டத்துக்குக் கிடைக்கும் காகிதமும், லோயர் ஈஸ்ட் சைடின் கிழக்கு ஓரத்தில் அவென்யூ டி பக்கம் பத்துப் பேர் நடத்தும் தோட்டத்துக்குக் கிடைக்கும் காகிதமும் ஒன்றாக இருக்கப் போவதில்லை.

உங்கள் பகுதியில் இப்படி ஓர் இடம் இருந்து, பகுதி மாறத் தொடங்கியிருந்தால், நான் பார்க்கச் சொல்வது இதைத்தான்: நிலம் எந்தத் துறையின் பெயரில் இருக்கிறது, கடைசியாக எப்போது துறை மாறியது, பயன்பாடு என்ற கட்டத்தில் காலி மனை என்று இருக்கிறதா திறந்தவெளி என்று இருக்கிறதா, உங்கள் ஒப்பந்தத்தில் தற்காலிகம் என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது. அதை மாற்றக் கேட்க வேண்டியது நிலத்துக்கு விலை இல்லாத காலத்தில், 1978-ல் கேட்டிருந்தால் ஒரு குமாஸ்தா கையெழுத்தில் முடிந்திருக்கக்கூடிய காரியம் 1999-ல் 42 லட்சம் டாலர் ஆனது. கேட்கும்போதே பக்கத்துக் கட்டடங்களின் வாடகைப் பாதுகாப்பையும் அதே மனுவில் சேர்த்துக் கேளுங்கள். லோயர் ஈஸ்ட் சைடில் அந்த இரண்டு மனுக்களும் பெரும்பாலும் தனித்தனி அலுவலகங்களுக்கு, தனித்தனி ஆட்களால், தனித்தனி வருடங்களில் போயின.